அனுப்புநர்: அ அ அ

பேரு இருந்து ஆளு வரலைன்னா சிவப்பு மையில ஒரு கோடு, அவ்வளவுதான். ஆளு வந்து பேரு இல்லைன்னா… அதற்கு மேல் பெரியப்பா என்ன சொன்னார் என்பதுதான் வரமாட்டேன் என்கிறது. மைக் கீச்சென்று கத்தியது, யாரோ ஒயரை மிதித்துவிட்டார்கள், முன்வரிசையில் இருந்த அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார், பெரியப்பா அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மைக்கை விட்டு நகர்ந்தார், உதடு அசைந்ததை நான் பார்த்தேன், சத்தம் மட்டும் வந்து சேரவில்லை, இல்லை வந்து சேர்ந்து நான்தான் கவனிக்காமல் இருந்தேனோ என்னவோ, என் சட்டைப் பையில் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எட்டு இருந்தது, இன்னும் பதினைந்து நாளில் மாலத்தீவுக்கு விமானம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்வி மாவட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தவரின் பணி நிறைவு விழா. நாலு நிமிஷம் பேசியிருப்பார். கேசரி, மிக்சர், காபி. இப்போது மணி மூன்று பத்து, சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ், பத்தாம் வகுப்பு சி பிரிவு, பொங்கல் லீவு முடிந்து ஒரு வாரம், நாற்பத்தொரு தலைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கின்றன, பலகையில் என் கையெழுத்து: குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வேண்டிப் பள்ளி முதல்வருக்கு விண்ணப்பம் எழுதுக, ஐந்து மதிப்பெண். 'வேண்டி'க்குப் பக்கத்தில் ப் போட்டேனா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாகிவிட்டது. போட்டிருக்கிறேன். சந்திப் பிழை இல்லை. மேஜை மேல் காக்கி உறை, அதற்குள் பட்டியல், நாமினல் ரோல் என்று ஆபீசில் சொல்வார்கள், மார்ச்சில் பொதுத் தேர்வு எழுதப்போகிறவர்களின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தமிழில் ஒரு தரம் ஆங்கிலத்தில் ஒரு தரம். ஐந்து மணிக்குள் வகுப்பாசிரியர் கையெழுத்தோடு போக வேண்டும், அதற்கப்புறம் சேர்க்கவும் முடியாது எடுக்கவும் முடியாது. முப்பத்திமூன்றாம் எண்ணுக்கு நேராகப் பிரின்சிபால் மேடம் ஒரு பென்சில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். அடித்த மாதிரியும் இல்லை, டிக் போட்ட மாதிரியும் இல்லை, பெயருக்கு முன்னால் சும்மா ஒரு கோடு, எழுதிப் பார்த்த பென்சில் மாதிரி.

மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டு அனுப்பினார். சுகந்தி மேடம் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், அதனால் அந்த அறையில் நுழைந்ததுமே எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். "நல்லதம்பி சார், உக்காருங்க. அந்தச் சௌடேஸ்வரி விஷயம் என்னாச்சுங்க?" "அவங்கப்பா வந்து பாக்கறேன்னு சொன்னாருங்க மேடம்." "அவரு எங்க சார் வரப்போறாரு, கொசுவலைக் கம்பெனில ஷிப்டு பாக்கறவரு. இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. அரையாண்டுல கணக்கு எவ்வளவு?" "பத்தொம்பதுங்க." "சயின்ஸ்?" "இருபத்தெட்டு." "தமிழு, அதாவது உங்க சப்ஜெக்டு?" "முப்பத்தொண்ணுங்க மேடம்." முப்பத்தொன்று என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பஸ் நம்பர் சொல்வதுபோல் இருந்தது. மேடம் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். கேட்டின் மேல் போர்டு, நீலத்தில் வெள்ளை எழுத்து, பத்து வருஷம் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி, பத்து என்கிற எண் மட்டும் தனித் தகட்டில், வருஷா வருஷம் கழற்றி மாட்ட வசதியாக இரண்டு திருகாணி. "நம்ம என்ன பாவமா சார் பண்றோம். டிசி வாங்கிட்டு வெளிய டுட்டோரியல்ல சேர்ந்து தனியா எழுதட்டும், ஒரு வருஷம் நின்னு நிதானமா எழுதினா பாஸாயிடும், இங்க பெயிலாகி அது மனசு ஒடஞ்சு போறதுக்கு. லெட்டர் மட்டும் வீட்டுக் கையெழுத்துல இருக்கணும், நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா ஸ்கூல்ல எழுதி வாங்கினாங்கன்னு வரக் கூடாது பாருங்க." நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று இப்போது யோசித்தால், வாக்கியம் முடிந்தது, அதற்காக ஆட்டியிருக்கிறேன். "நீங்க தமிழ் சார்தானே, டெஸ்ட்ல கடிதம் வருமில்ல, இதையே கேள்வியாக் குடுத்துருங்க. மத்த புள்ளைங்க எல்லாம் அ அ அ, ஆ ஆ ஆன்னு எழுதும். அதுதான் எத்தனை தடவை சொன்னாலும் சொந்தப் பேரை எழுதி வெக்குமே. கீழ அவங்கப்பா ஒரு சைன் போட்டாப் போதும்." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது என்று பட்டிருக்க வேண்டும், சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். எழுந்து வரும்போது, "உங்க பொண்ணு நைன்த்து தானே சார், அடுத்த வருஷம் டென்த்து, நல்லாப் படிக்குதில்ல?" என்றார். நல்லாப் படிக்குதுங்க மேடம். அதில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. எல்லோரையும் அப்படி விசாரிக்கிறவர்தான்.

சொந்தப் பெயர் எழுதக் கூடாது. விடைத்தாளில் யாருடைய பெயரும் இருக்கக் கூடாது, திருத்துகிறவருக்குக் காட்டிய ஜாடை என்று ஆகிவிடும், கடிதம் எழுதினால் அனுப்புநர் அ அ அ, ஊர் ஆ ஆ ஆ, ஜூன் மாதத்திலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி என் வாயில் அது ஒரு ஆளின் பெயராகவே ஆகிவிட்டது, அ அ அ, ஆ ஆ ஆ என்கிற ஊர்க்காரர், தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு எழுதுகிறார், குடிநீரில் புழு என்று நகராட்சிக்கு எழுதுகிறார், நாளிதழ் ஆசிரியருக்குக் கட்டுரை அனுப்புகிறார், ஓயாத மனுஷன். நாற்பது பேரும் அவரைப் பழகிக்கொண்டார்கள். முப்பத்திமூன்றாம் எண் மட்டும் அனுப்புநர் என்று போட்டு அடியில் பூ. சௌடேஸ்வரி என்று எழுதி, கதவு எண், தெரு, அவள் அம்மாவின் செல்போன் எண் வரைக்கும் எழுதி, கடைசியில் உறைமேல் முகவரியிலும் ஒரு தரம் எழுதி வைப்பாள். நூலக உறுப்பினர் படிவத்தை நிரப்பச் சொன்னால் கேள்வியிலேயே கொடுத்திருக்கும் எழிலன் என்கிற பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை நிரப்புவாள். ஐந்துக்கு ஐந்து வாங்க வேண்டிய இடம், மெல்லக் கற்போருக்கு என்று நாங்கள் தனியாக எடுத்து வைத்திருக்கிற இடம், அதிலேயே இரண்டு போய்விடும். இந்த வழக்கத்தை உண்டாக்கியது நான். ஜூன் முதல் வாரம், வருகைப் பதிவுக்குப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன், செளடேஸ்வரி என்று எழுதியிருந்தாள், பெரிய ள போட்டு. வாசி என்றேன். செ, ள, டேஸ்வரி என்று பின் பெஞ்சிலிருந்து தருண் வாசித்தான், வகுப்பே சிரித்தது, அன்றிலிருந்து பையன்களுக்கு அவள் செளா. பலகைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன், முன்னால் கொம்பு, பின்னால் வருகிறது ள இல்லம்மா, ஔகாரக் குறியோட பாதி, ள மாதிரி இருக்கும், ஆனா சின்னதா, ஓரமா ஒதுங்கி உக்காந்த மாதிரி எழுதணும். "ஆதார்ல பெருசாத்தான் சார் இருக்கு." ஆதார் தப்பு. "பர்த் சர்டிபிகேட்லயும் சார்." அதுவும் தப்பு. "அப்ப எல்லாருமே தப்பா, சார்?" எல்லாரும் தப்பு, நீ சரியா எழுது. அதற்கப்புறம் நோட்டில், பெஞ்சில், ஜியாமெட்ரி பாக்ஸின் உள் மூடியில், சாக்பீஸ் கிடைத்தால் பலகையின் மூலையில். அந்தச் சின்ன ள-வை அவள் போடுவதைப் பார்த்திருக்கிறேன், பேனாவைக் கொஞ்சம் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பட்டியலில் அச்சாகி வந்திருப்பது செளடேஸ்வரிதான், பெரிய ள.

பலகையில் கேள்வியை எழுதி முடித்ததுமே தருண் கேட்டான், "சார், எல்லாரும் டிசி வாங்கிட்டுப் போயிட்டா பப்ளிக் யாரு சார் எழுதறது?" "நீ எழுதுவே, பேசாம எழுது." "சார் இது பப்ளிக்ல வருமா சார்?" வரலாம். "கைடுலயே இல்லையே சார்." வராத கேள்விக்கும் தயாராக இருக்கணும். இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து தானாக வருகிறது, பதினெட்டு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது, மாலத்தீவில் ஆங்கிலத்தில், இங்கே தமிழில். எழுத ஆரம்பித்துப் பத்து நிமிஷம் கழித்துச் சௌடேஸ்வரி எழுந்தாள். மூன்றாவது பெஞ்ச், சுவர் ஓரம். "சார்." என்ன. "குடும்பச் சூழ்நிலைன்னா என்ன சார் எழுதறது?" ஏதாவது எழுது. "எங்க வீட்ல ஒண்ணும் இல்லையே சார்." சிரிப்பு. நான் சிரிக்க வேண்டாம் என்று மேஜையைத் தட்டினேன். தட்டியது இடது கை, சுண்டுவிரலும் மோதிரவிரலும் போன ஆவணியிலிருந்து மரத்துப்போய்க் கிடக்கின்றன, கழுத்து எலும்பு என்றார் டாக்டர், சாக்பீஸ் நழுவி விழுந்தாலும் சத்தம் கேட்டுத்தான் தெரியும், அதனால் தட்டினேன் என்பது கேட்டதே தவிர படவில்லை. "கற்பனையா எழுதும்மா." "என்னோடதை எழுதிக்கோ," என்றான் தருண், "எங்கப்பாவுக்கு டிரான்ஸ்பர்." "உங்கப்பாவுக்கா?" என்று அவள் திரும்பிக் கேட்டாள், நிஜமான கவலையோடு. "சும்மாடி, எக்ஸாமுக்கு." உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் ஒன்றும் இல்லை. அப்பா பூபதி ஷிப்டு பார்க்கிறார், அம்மா வலைக்கு ஓரம் தைக்கிறார், ஒரு பாட்டரி ஸ்கூட்டர், ஒரு தம்பி, ஆறாவது. டிசம்பரில் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தார் பூபதி, முடியில் வெள்ளை நூல் தூசி, பெற்றோர் கையொப்பம் என்கிற கட்டத்தை விட்டுவிட்டு வகுப்பாசிரியர் கையொப்பம் என்கிற கட்டத்தில் பூ, ப, தி என்று நிறுத்தி நிறுத்திப் போட்டுவிட்டார். "ஐயோ, மாத்திப் போட்டுட்டனுங்களா?" பரவால்லைங்க என்று சொல்லிவிட்டு அவர் போட வேண்டிய இடத்தில் நான் போட்டேன். அந்த அரையாண்டு அட்டையின்படி அவளுக்கு வாத்தியார் பூபதி, தகப்பன் நான். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு படியிறங்கினார். "இன்னிக்கு மட்டும் நீங்க பாத்துக்குங்க சார்." எங்கே காட்டினாலும் போட்டுவிடுவார், மேடம் சொன்னது சரிதான்.

ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்கிறது. நாற்பத்தொரு பேனாக்களின் சத்தம் தனியாகக் கேட்காது, எல்லாம் சேர்ந்தால் பட்டுப்புழுக்கள் இலை தின்கிற மாதிரி, யார் சொன்னார்கள் அந்த உவமையை, யாரும் சொல்லவில்லை, நானே எப்போதோ எழுதியது, அப்போதெல்லாம் கவிதை என்று எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியாக எழுதியது நாலு வரி. காட்சியைக் கண்டு கவினுற எழுதுக என்று ஒரு கேள்வி, ஒரு படம் கொடுப்பார்கள், கவிதை எழுத வேண்டும், மெல்லக் கற்போருக்கு அது வராது, எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி நாலு வரி எழுதிக் கொடுங்க சார் என்று மேடம் கேட்டார், ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். கண்ணில் பட்ட காட்சி இது, கருத்தில் நின்ற மாட்சி இது, எண்ணிப் பார்த்தால் இன்பம் வரும், எல்லோர் நெஞ்சும் நன்மை பெறும். மரம் நடுகிற குழந்தை, ஏர் உழவு, ரயில், கடல், எதற்கும் பொருந்தும். நவம்பர் டெஸ்டில் ஹெல்மெட் போடாமல் ரோட்டில் விழுந்து கிடக்கிறவன் படம் வந்தது, முப்பத்தெட்டுப் பேர் எண்ணிப் பார்த்தால் இன்பம் வரும் என்று எழுதினார்கள். நான் முப்பத்தெட்டுக்கும் முழு மார்க் போட்டேன், மதிப்பெண் திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, நாலு வரி, எதுகை, மோனை. இரண்டு பேர் வரவில்லை. ஒருத்தி எழுதியிருந்தாள்: அவர் செருப்பு ஒன்று தள்ளிக் கிடக்கிறது. அவங்க வீட்டுக்கு யார் போன் பண்ணுவாங்க? கீழே பூ. சௌடேஸ்வரி. ஐந்துக்கு ஒன்று போட்டேன். கவிதை இல்லை, பேச்சு வழக்கு, பெயர். அந்த ஒன்று எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. மாலத்தீவில் நான் இருந்த தீவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பன்னிரண்டு நிமிஷத்தில் நடந்துவிடலாம், பத்தாவதில் ஒன்பது பேர், தேர்வுத் தாள் இங்கிலாந்திலிருந்து சீல் வைத்து வரும், மூன்று பேர் தோற்றால் மூன்று பேரையும் சாயங்காலம் படகுத்துறையில் பார்க்க வேண்டும், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு குட் ஈவினிங் சார் என்பார்கள், ஒளித்துவைக்க அந்தத் தீவில் இடம் கிடையாது. இங்கே இருக்கிறது. போன வருஷம் ஏ பிரிவில் நாற்பத்திநாலாக இருந்தது நாற்பத்திரண்டாக ஆனதை நான் மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டு எண்ணும்போதுதான் கவனித்தேன், கேட்கவில்லை.

ரிஸ்வானா ஒரு தாள் கூடுதலாகக் கேட்கிறாள். ஒரு விண்ணப்பத்துக்கு எதற்கம்மா இரண்டாவது தாள். "உறைமேல் முகவரிக்குக் கட்டம் போடறேன் சார்." கொடுத்தேன். மூன்று முப்பத்தொன்று. நான் பத்தாவது எழுதிய வருஷம் ஆங்கிலத்தில் முப்பத்தேழு. எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டு ஒன்பதாவதில் கொண்டுபோய் ஆங்கில வழியில் உட்காரவைத்தார்கள், ஒரு வார்த்தையும் புரியாது, கைடை அப்படியே விழுங்கினேன், பரீட்சையில் வரலாற்றுக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி நடுவில் அறுபத்திநாலாம் பக்கத்தில் உள்ள வரைபடத்தைக் காண்க என்பதையும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வந்தேன், வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. திருத்திய மனிதர் அந்த வரியைப் பார்த்தாரா, அவர் கையில் அறுபத்திநாலாம் பக்கம் இருந்ததா. பாஸ் போட்டிருந்தார். பெரியப்பாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. உன் பேரு லிஸ்ட்ல இருந்துச்சு, நீ போய் எழுதின, மத்ததெல்லாம் அவங்க பாடு என்றார். அன்றைக்குத்தான் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார், ஒரே ஒரு தரம், வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. டைப் அடிக்கிறவர் ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்து அடிப்பாராம், ஸ்கேல் ஒரு வரி இறங்கிவிட்டது, ஒரு பெயர் விட்டுப்போனது, சரிபார்த்துச் சின்னக் கையெழுத்துப் போட்டது பெரியப்பா. வினாத்தாள் கட்டோடு ஜீப்பில் போய் அந்தப் பள்ளியில் இறங்கினால் பட்டியலில் இல்லாத ஒரு பெண், எழுதுகிற அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிறாள், உள்ளே விட முடியாது என்று சொல்லியாயிற்று, வீட்டுக்குப் போ என்றும் சொல்லியாயிற்று. மூன்று மணி நேரம் நின்றாள், பெல் அடித்ததும் மற்றவர்களோடு கலந்து போனாள். மறுநாள் இரண்டாம் தாளுக்கும் வந்தாள். எல்லாப் பரீட்சைக்கும் வந்தாள். வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரியப்பா எல்லா நாளும் பார்த்தார், ஜீப் அங்கேதான் நிற்கும். இதை விழாவில் சொல்லவில்லை, விழாவில் அந்த ஒரு வரிதான், ஆளு வந்து பேரு இல்லைன்னா. எந்த மையில கோடு போடுவே என்று கேட்டிருக்கலாம். அதுக்கு மை கிடையாது என்று முடித்திருக்கலாம். எங்க உக்கார வெப்பே என்று கேட்டிருக்கவும் கூடும். அந்த இடத்தில் இதெல்லாமே இலக்கணப்படி பொருந்துகிறது, எதைப் போட்டாலும் முழு மார்க் கிடைக்கும், கண்ணில் பட்ட காட்சி இது மாதிரி.

எழுந்து நடக்கிறேன், மேற்பார்வை என்றால் நடக்க வேண்டும். முதல் வரிசை அ அ அ, அ அ அ, அ.அ.அ. புள்ளி வைத்து, இன்னொருத்தன் க க க, பரவாயில்லை. இரண்டாம் வரிசைக்குப் போனேன், ஜன்னல் பக்கம், மூன்றாம் பெஞ்சின் சுவர் ஓரத்துக்குப் போகாமல் திரும்பிவிட்டேன். பார்க்காமலே தெரியும், மேல் இடது மூலையில் பூ. சௌடேஸ்வரி, சின்ன ள, கதவு எண், தெரு. பார்த்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. மணி அடித்ததும் தாள்களை வாங்குவேன், அவளுடையதைத் தனியாக எடுத்து உறைக்குள் வைப்பேன், பட்டியலில் ஒரு கோடு, பெயர்கள் நாற்பது என்று எழுதிக் கையெழுத்து, திங்கட்கிழமை பூபதி வருவார், எங்கங்க போடணும் என்று கேட்பார். அவர் மகள் கையெழுத்தை அவருக்கு அடையாளம் தெரியும், புள்ளையே எழுதியிருக்குது, அதுக்கே வேண்டாம்னு தோணியிருக்குது என்று நினைத்துக்கொள்வார். அவள் டெஸ்டில் எழுதியதுதானே என்று நினைப்பாள். இரண்டு பேரும் வீட்டில் பேசிக்கொண்டால்? பேசிக்கொண்டால் என்ன, சாருக்குத் தெரியாமலா நடந்திருக்கும் என்பார் அவர். பயம் என்று பார்த்தால் அந்த வாக்கியம்தான், அதுவும் பயம் மாதிரி இல்லை, காதில் தண்ணீர் போன மாதிரி, வெளிச் சத்தம் எல்லாம் தூரத்தில். இன்னொரு பக்கமும் இருக்கிறது, கணக்கில் பத்தொன்பது, அது என் கையில் இல்லை, மார்ச் வரைக்கும் தலைகீழாக நின்றாலும் முப்பத்தைந்து வருமா, வராது, பெரும்பாலும் வராது, மே மாதம் ரிசல்ட் அன்றைக்குப் போர்டின் திருகாணியைக் கழற்றும்போது யார் வகுப்பு என்று கேட்பார்கள், ஏப்ரலில் எனக்கு வேலை ஆர்டர் புதுப்பிக்க வேண்டும், மாடியில் ஒன்பது ஏ-யில் என் மகள் இந்நேரம் இயற்பியல் எழுதிக்கொண்டிருப்பாள், நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு பள்ளியில் போய் டெமோ கிளாஸ் எடுக்க வேண்டும், எங்க சார் இத்தனை வருஷம் இருந்தீங்க, மாலத்தீவுங்க, அப்படீங்களா, அங்க தமிழ் உண்டா. கிடையாதுங்க. அங்கே ஆங்கிலம் எடுத்தேன். முப்பத்தேழு வாங்கியவன் பதினாறு வருஷம் ஆங்கிலம் எடுத்தேன்.

மணி அடித்தது. மூன்று ஐம்பத்தைந்து. வரிசையாக முன்னால் அனுப்புங்க என்றேன், தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன, சௌடேஸ்வரி மட்டும் அனுப்பவில்லை, கையில் எடுத்துக்கொண்டு நேரே மேஜைக்கு வந்தாள். வாசலில் ஆபீஸ் அட்டெண்டர் செல்லம்மாக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். "சார், மேடம் லிஸ்ட்டையும் அந்தப் பேப்பரையும் கேட்டாங்க." இருங்கக்கா. "அந்தப் பேப்பர்னு சொன்னா சாருக்குத் தெரியும்னாங்க." தெரியும், இருங்க. சௌடேஸ்வரி தாளை நீட்டினாள், நீட்டும்போதே சொன்னாள், "சார், இன்னிக்குப் பேரு போடல சார்." என்ன? "பாருங்க சார். மேலயும் போடல, கீழயும் போடல, உறைமேலயும் போடல. வந்துச்சு சார், கை அங்க போயிருச்சு, அப்பறம் ஞாபகம் வந்துச்சு." அனுப்புநர், அ அ அ, ஆ ஆ ஆ. பெறுநர், முதல்வர் அவர்கள். பொருள், மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல் சார்பாக. ஐயா என்று எழுதி அடித்து அம்மா என்று திருத்தியிருந்தாள், முதல்வர் அம்மாதானே. என் தந்தைக்கு ஆ ஆ ஆ ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது, எனவே குடும்பச் சூழ்நிலை காரணமாக. நன்றி. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி, அ அ அ. முதல் அ-வுக்கு முன்னால் பேனா பூ-வைத் தொடங்கி நிறுத்திய ஒரு சின்னக் கோடு இருந்தது, அதை அவள் அப்படியே அ-வாக வளைத்துவிட்டிருந்தாள். இடமிருந்து வலமாக இரண்டு தரம் வாசித்தேன். பிழை இல்லை. "தருண்தான் சார் மாற்றல்னு சொல்லிக் குடுத்தான், மீதியெல்லாம் நானே எழுதினேன். அஞ்சும் வருமா சார்?" பின்னால் தருண், "செளா பாஸு, செளா பாஸு," என்றான். "சின்ன ள-டா அது," என்றாள் அவள் திரும்பி. செல்லம்மாக்கா வாசற்படியில் ஒரு காலை மாற்றி வைத்தார். "சார், மேடம் கெளம்பறாங்க." எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன், "ரப்பர் வச்சிருக்கியாம்மா?" ஓடிப் போய் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து எடுத்துவந்தாள், பாதி ரப்பர், நடுவில் பேனாவால் குத்திய ஓட்டை, ஓரத்தில் நீலத்தில் பூ. சௌ வரைக்கும் இருந்தது, மீதி தேய்ந்துபோயிருந்தது. மரத்த விரல்களில் நிற்காமல் நழுவியது, வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் தாளில் ஐந்துக்கு ஐந்து போட்டு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பட்டியலில் முப்பத்திமூன்றாம் எண்ணுக்கு முன்னால் இருந்த பென்சில் கோட்டை அழித்தேன். பெயர்த் திருத்தம் என்கிற கட்டத்தில் சௌடேஸ்வரி என்று எழுதி, மொத்தம் நாற்பத்தொன்று என்று போட்டு, கையெழுத்திட்டுச் செல்லம்மாக்காவிடம் கொடுத்தேன்.